கிராம சபையில் பேசினால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்

கிராம சபை முடிந்த மறுநாள் வேலூர் மாவட்டத்தின் எந்த ஊரில் கேட்டாலும், "எல்லாத்தையும் சொல்லிட்டோம், எழுதிக்கிட்டாங்க" என்பார்கள். என்ன எழுதிக்கொண்டார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அடுத்த கூட்டத்திலும் அதே குறையை அதே மக்கள் அதே கோபத்தோடு சொல்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி சுருக்கமானது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆவது பிரிவு கிராம சபைக்கு உயிர் கொடுக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டம் நடைபெற வேண்டும். ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் இது நிற்கக் கூடாது. வார்டு உறுப்பினர்கள் கூடும் ஊராட்சி மன்றக் கூட்டம் வேறு, ஊரே கூடும் கிராம சபை வேறு. ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை ஆகியவை கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டியவை என்பதால், "மன்றத்தில் ஏற்கெனவே தீர்மானம் போட்டாகிவிட்டது" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

முதல் பொறி வாக்காளர் பட்டியல். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். ஆதாரில் முகவரி இருக்கிறது, ரேஷன் அட்டை இங்கேதான் இருக்கிறது என்பதெல்லாம் இதற்கு உதவாது. குடியாத்தம் பக்கம் பிறந்து கணியம்பாடி பக்கம் மருமகளாக வந்து பத்து ஆண்டு ஆன பெண்கள் பலருக்குப் பெயர் இன்னும் தாய் வீட்டுப் பட்டியலிலேயே இருக்கும். அவர்கள் குடிநீருக்காக வாய் திறக்கும் நாளில்தான் யாராவது எழுந்து, நீ இந்த ஊர் ஓட்டே இல்லையே என்பார்கள். பெங்களூருக்கோ ஆம்பூருக்கோ வேலைக்குப் போன இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதே கதிதான். படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளும் வேலையைக் கூட்டத்துக்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வர வேண்டும். இந்த எண்ணிக்கை எப்படி நிரம்புகிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளோ பிந்தைய நாளோ வீட்டு வாசலுக்கு வருகைப் பதிவு நோட்டைக் கொண்டுவந்து, "ஒரு கையெழுத்துப் போடும்மா, சும்மாதான்" என்று கேட்டால் போடவே கூடாது. நூறு நாள் வேலைக்கு வந்த இடத்தில் கேட்டாலும் போடக் கூடாது. நீங்கள் கேட்காத தீர்மானத்துக்கு நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள்.

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கோடையில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெரு அது. மோட்டார் பழுதாகி ஏழு மாதம் ஆகியும் சரிசெய்யவில்லை என்று எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் காலிக் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கால் மணி நேரம் பேசினார். கூட்டமே ஆமாம் என்றது. முடிவில் அவரிடம் நோட்டை நீட்டினார்கள், கைநாட்டு வைத்தார். கைநாட்டுக்கு மேலே அரைப் பக்கம் வெறுமையாகவே இருந்ததை அருகில் நின்றபடி பார்த்தேன். பிறகு நகல் வாங்கிப் பார்த்தபோது அந்த இடத்தில் இருந்தது ஒரே வரி: "குடிநீர் வசதி குறித்துப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்தனர், விவாதிக்கப்பட்டது." எந்தத் தெரு, எந்த மோட்டார், எத்தனை மாதம், யார் செய்ய வேண்டும் என்ற எதுவும் இல்லை. அந்த வரியைக் கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது.

ஆகவே கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தெருவின் பெயர், தேவையானால் சர்வே எண், செய்ய வேண்டிய வேலை, எந்தத் தேதிக்குள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் பத்துப் பேர் கையெழுத்திட்டு, கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கூட்டத்தில் தீர்மானம் எழுதப்பட்டதும் அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், படித்த பிறகே கையெழுத்திடுங்கள். எழுத்தறியாதவர் அருகில் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்ற கூட்டத்துத் தீர்மானங்கள் என்னவாயின என்பதைத்தான் முதல் பொருளாக எடுக்கச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகும் பொருள்.

இது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்ற பதிலும் வரும். சில வேளைகளில் அது உண்மை. பட்டா வட்டாட்சியரிடமும், ரேஷன் அட்டை வட்ட வழங்கல் அலுவலகத்திலும், மின்கம்பம் மின்வாரியத்திடமும்தான் முடியும். ஆனால் தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், ஊராட்சிச் சாலை, குப்பை ஆகியவை ஊராட்சியின் கடமைகள். இவற்றுக்கு அந்தப் பதிலைச் சொன்னால் அதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

ஊராட்சியில் வேலை நடக்காமல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவோடு போனால், அங்கே இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் மனு கிராம ஊராட்சிகளுக்கான அலுவலருக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மூன்று வாரம் அலைந்தவர்களை நான் அறிவேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வருபவரிடம் இதை வாசலிலேயே சொல்லி அனுப்ப ஒருவரும் முன்வருவதில்லை.

தீர்மான நகலைத் தர மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "கிராம சபை பற்றிய தகவல்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தின் தீர்மானப் பக்கங்கள், வருகைப் பதிவுப் பக்கங்கள் இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கூட்டமே நடக்காமல் நடந்ததாக எழுதியிருந்தால் மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதை நினைவில் வைத்து, சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனுக் கொடுங்கள். அந்த நாளில் ஊரில் இல்லாத ஒருவரின் கையெழுத்து வருகைப் பக்கத்தில் இருந்தால், அவர் வேறிடத்தில் இருந்ததற்கான சான்றையும் அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்து இணைத்து, மனுவுக்குக் கொடுக்கும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே வரிசையை விட்டு வெளியே வாருங்கள்.