மெசினைப் பிறகு பார்ப்போம், அக்கா

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் தையல் மெசின் ஒன்று நின்றது. அதன் மேல் துணி விரித்து, சாமிப்படம் வைத்து, விளக்கும் கொளுத்தியிருந்தார்கள். உதவித்திட்டத்தில் கிடைத்த மெசின். "இந்த ஒழுங்கையில மட்டும் ஐஞ்சு பேரிட்ட இருக்கு தம்பி. ஆருக்குத் தைக்கிறது?" என்றார் அந்த அக்கா.

சிறுதொழில் தொடங்க வருபவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. கணவர் இல்லாமல் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள், போரில் கையோ காலோ இழந்தவர்கள், மீள்குடியேறி இன்னும் நிலைகொள்ளாதவர்கள் என்று பலரும் வருவார்கள். "ஒரு மெசின் எடுத்துத் தந்தால் காணும்" என்றுதான் பேச்சுத் தொடங்கும். முன்பு நானும் உடனே படிவத்தை எடுத்து நிரப்பியவன்தான். இப்போது முதலில் ஒன்று கேட்கிறேன்: வருகிற கிழமை காசு கொடுத்து உங்களிடம் வாங்கப்போகிற மூன்று பேர் யார்? பதில் இல்லையென்றால் படிவம் மேசையிலேயே கிடக்கட்டும். முதலில் அந்த மூன்று பேரைத் தேடுவோம்.

வாங்க ஆள் இருந்தாலும் கணக்குப் பிழைக்கலாம். கறித்தூள் இடிக்கும் ஒரு அக்கா கால் கிலோ பைக்கற்றை 500 ரூபாய்க்குக் கொடுத்தார். மிளகாய், மல்லி, மற்றச் சரக்கு எல்லாம் சேர்த்து 350, ஆகவே 150 லாபம் என்றார். இரண்டு பேரும் கொப்பியோடு இருந்தோம். மில்லுக்கு 20, விறகுக்கு 12, பைக்கும் ஸ்டிக்கருக்கும் 18, பஸ்ஸுக்கு 15, வறுக்கும்போது குறைகிற நிறைக்கு ஒரு 10. மிஞ்சியது 75. இருபது பைக்கற்றுக்கு இரண்டு நாள் வேலை, அதாவது நாளுக்கு 750 ரூபாய். வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனால் அதைவிடக் கூட வரும். "என்ர வேலைக்கும் காசு போடுறதோ?" என்று சிரித்தார். போடத்தான் வேண்டும்.

கடைக்காரர் சங்கதி இன்னொன்று. "வைச்சிட்டுப் போங்கோ, வித்தாப் பிறகு காசு" என்பார்கள். காசு வர ஒரு மாதமாகும், விற்காதது திரும்பி வரும். அடுத்த தடவை மிளகாய் வாங்கக் கையில் காசு இருக்காது. அந்த அக்கா இப்போது இரண்டு கடைகளை விட்டுவிட்டு, ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு முற்பணம் வாங்கிச் செய்து கொடுக்கிறார். வருமானம் பெரிதில்லை, ஆனால் கடன் இல்லை.

கடன் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கிழமைக் கட்டுக்காசில், அதாவது கிழமைக்கொரு தவணை கட்டுகிற கடனாக, 50,000 எடுக்கிறீர்கள், வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்கிறார்கள். 52 கிழமைக்கும் 1,192 ரூபாய்ப் படி மொத்தம் 62,000 கட்ட வேண்டும். 12,000 வட்டிதானே என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் பாதிக் காசுதான் உங்கள் கையில் இருக்கும், வட்டியோ முழுக் காசுக்கும் ஓடும். அப்படியென்றால் உண்மை வட்டி சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே "எத்தனை வீதம்" என்பதோடு நிற்காமல், "குறைகிற மீதிக்கு வட்டியா, முழுத்தொகைக்கா" என்றும் கேளுங்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு இது போனது.

கட்டுக்காசுக்குக் காலம் கிடையாது, நம் தொழில்களுக்கு உண்டு. பனம்பழம் ஆவணி, புரட்டாதியில் விழும். விதையைப் பாத்தியில் போட்டால் கிழங்கு தையில்தான். பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், இரண்டுக்கும் வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடகம்கூடக் காயாது. இப்படியானவர்களுக்குக் கிழமைக் கடன் சரிவராது. ஊர்ச் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தில் பேசி, அறுவடைக்குப் பிறகு கட்டுகிற மாதிரி ஒழுங்கு செய்யலாமா என்று பார்ப்பேன். எல்லா இடத்திலும் நடக்காது.

வங்கிக்குப் போனால் பிணைக்கு ஆள் வேண்டும், இல்லையேல் காணி உறுதி. சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையின்படி, திருமணமான பெண் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால் அந்தக் கையெழுத்தை யாரிடம் வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கேட்க வழி இருக்கிறது. இதை அறியாமல் பல வருடம் காத்திருந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

பதிவு வேலை பயப்படுகிற அளவுக்கில்லை. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். சாப்பாட்டுச் சாமான் என்றால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சமையலறையைப் பார்க்க முதல் நீங்களே போய் அவரைக் கூப்பிடுங்கள். லேபலில் சேர்பொருள், நிறை, திகதிகள், விலை, முகவரி இருக்க வேண்டும்.

அப்புறம், என்னிடம் வரும்போது அடையாள அட்டையோடு ஒரு கொப்பியும் எடுத்து வாருங்கள். போன மாதம் வீட்டுக்கு என்ன செலவழித்தீர்கள் என்பதை அதில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.