மூஸ்: கடமானும் அல்ல, மரையும் அல்ல

வட அமெரிக்கக் காடுகளைப் பற்றிய ஆவணப்படம், தமிழ்க் குரலில். ஏரிக்குள் வயிறு முங்க நின்ற ஒரு மூஸ், அந்தக் காடுகளின் மிகப் பெரிய மான், நீருக்கடியிலிருந்து தலையைத் தூக்குகிறது. கொம்பின் அகன்ற மடலிலிருந்து நீர் வழிகிறது. வாயில் அல்லித் தண்டு தொங்குகிறது. பின்னணிக் குரல் சொல்கிறது: "கடமான் இரை தேடுகிறது." இதே பெயர் பயணக் கட்டுரைகளில் வருகிறது, சிறுவர் நூல்களில் வருகிறது, இணைய அகராதிகளில் வருகிறது. இன்னும் சில ஆண்டுகள் இப்படியே போனால் இதுவே நிலைத்துவிடும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். கடமான் என்பது வேறொரு விலங்கின் பெயர். அந்த விலங்கு இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரோடு திரிகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூஸ் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்களின் அல்கோன்கிய மொழிகளிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது. ஒஜிப்வே மொழியில் மூஸ், கிரீ மொழியில் மோஸ்வா என்று இன்றும் வழங்குகிறது. மரப்பட்டையை உரிப்பது என்னும் பொருளுள்ள வேரோடு இதை இணைத்துச் சொல்வது வழக்கம். குளிர்காலத்தில் பட்டையையும் குச்சியையும் தின்றே உயிர் பிடித்திருக்கும் விலங்குக்கு அது பொருந்தவும் செய்கிறது.

அப்படியானால் கடமான் எப்படி உள்ளே வந்தது? இதற்கு எல்க் என்ற இன்னொரு சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இதே விலங்குக்கு எல்க் என்று பெயர். நார்வேக்காரரின் எல்க், ஜெர்மானியரின் எல்ஷ், இலத்தீனின் ஆல்செஸ் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். அறிவியல் பெயரான ஆல்செஸ் ஆல்செஸ் அங்கிருந்து வந்ததே. ஆனால் பிரிட்டன் தீவில் இந்த விலங்கு மிகப் பழைய காலத்திலேயே அழிந்துபோனது. விலங்கு போய்ச் சொல் மட்டும் தங்கியதால், நேரில் பார்த்திராத ஆங்கிலேயருக்கு எல்க் என்றால் 'ஏதோ ஒரு பெரிய மான்' என்ற அளவில் பொருள் மங்கிவிட்டது. அமெரிக்காவில் குடியேறியவர்கள் வாபிட்டி என்ற செம்மான் வகையைக் கண்டு அதற்கு எல்க் என்று பெயர் சூட்டினார்கள். இலங்கைக்கு வந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் அங்கே மலைக்காட்டில் கண்ட பெரிய மானையும் எல்க் என்றே எழுதினார்கள். அந்த மான்தான் நம் கடமான், ஈழத்தில் மரை.

பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளில் மரைக்கும், கடமானைக் குறிக்கும் கடமை என்ற சொல்லுக்கும் எல்க் என்று பொருள் எழுதப்பட்டது இந்தப் பழக்கத்தால்தான். அகராதியைத் தொகுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்து ஆங்கிலேயருக்கு அது விளங்கியது. குற்றம், அந்த அகராதியைத் தலைகீழாகப் புரட்டிய பிற்காலத்தவருடையது. மரை என்றால் எல்க். எல்க் என்றால் மூஸ். ஆகவே மூஸ் என்றால் மரை, கடமான். மூன்று கண்டங்களில் உள்ள மூன்று விலங்குகள் இந்தச் சங்கிலியில் ஒன்றாகிவிட்டன. சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை.

'இரண்டுமே பெரிய மான்தானே, நெருங்கிய சொந்தமாகத்தானே இருக்கும்' என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். சொந்தமும் இல்லை. மான் குடும்பத்தை விலங்கியலார் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிக்கிறார்கள். கடமானும் புள்ளிமானும் ஒரு கிளை. மூஸும் பனிமானும் (ஆங்கிலத்தில் ரெயின்டீர்) மற்றொரு கிளை. கடமானுக்கு மூஸைவிடப் புள்ளிமான்தான் நெருங்கிய உறவு. உருவத்திலும் ஒப்புமை குறைவு. கடமானின் கொம்பு உருண்டு நீண்டு, வழக்கமாக மூன்று கவடாகப் பிரியும். ஆண் மூஸின் கொம்பு தட்டையாக விரிந்து ஓரத்தில் விரல் விரலாக நீளும். கடமானின் முகம் நாம் அறிந்த மான் முகம். மூஸுக்கோ நீண்டு தொங்கும் மூக்கு, தாடைக்குக் கீழே ஆடும் ஒரு தோல் மடிப்பு, தோளில் திமில், உடலுக்குப் பொருந்தாத உயரத்தில் கால்கள். வளர்ந்த ஆண் மூஸ் தோளுயரத்திலேயே ஏறக்குறைய 2 மீட்டர் வரை நிற்கும். எடை 500 கிலோவைத் தாண்டும். இன்றுள்ள மான்களில் இதற்கு மேல் பெரியது இல்லை.

இதையெல்லாம் நூலில் படித்திருந்தாலும், கனடாவின் அல்கோன்குவின் பூங்காவை ஊடறுத்துச் செல்லும் 60ஆம் நெடுஞ்சாலையில் முதன்முதலாக ஒரு மூஸை எதிர்கொண்டபோது படித்தவை எதுவும் நினைவுக்கு வரவில்லை. மே மாதக் கடைசி, அதிகாலை. குளிர்காலத்தில் பனியுருக்கத் தூவிய உப்பெல்லாம் சாலையோரப் பள்ளத்து நீரில் கரைந்து கிடக்கும். அதைக் குடிக்க வசந்தத்தில் மூஸ்கள் சாலைக்கே வந்துவிடும். பள்ளத்தில் ஏதோ பழுப்பாகக் குனிந்திருந்தது. யாரோ குதிரையை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள் என்றே தோன்றியது. அது தலையை நிமிர்த்தியது. பிறகும் நிமிர்த்திக்கொண்டே போனது. குளிர்கால மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்து, தோள்பட்டையில் கிழிந்த கம்பளம் போலத் தொங்கியது. புதுக்கொம்பு அப்போதுதான் முளைத்து, மெல்லிய மயிர்த்தோல் போர்த்திய இரண்டு கணுக்களாக இருந்தது. ஒரு காது எங்கள் காரை நோக்கி நின்றது. மற்றொரு காது காட்டின் பக்கம் திரும்பியது. கருப்பு ஈக்கள் முகத்தில் அப்பியிருந்தன. கண்ணிமையைக்கூட அது அசைக்கவில்லை. மேலுதடு மட்டும் தனி உறுப்பு போல நெளிந்து நீரை உறிஞ்சியது.

காரில் என்னோடு ஈழத்து வன்னியில் பிறந்து வளர்ந்த மாமா ஒருவர் இருந்தார். இளமையில் காட்டோரத்தில் மரையை அடிக்கடி கண்டவர். கண்ணாடியை இறக்காமலே நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதையா மரை என்று எழுதுகிறார்கள்? மரை எங்களைக் கண்டால் இந்நேரம் காட்டுக்குள் போயிருக்கும். இது எங்களைப் போகச் சொல்லி நிற்கிறது." அகராதிகளைக் காட்டிலும் அவர் சாட்சியத்தை நம்புகிறேன்.

அவர் சொன்ன அந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஒரு வழிகாட்டித் துண்டறிக்கையில், 'கடமான்கள் சாலையைக் கடக்கக்கூடும், கவனமாக ஓட்டவும்' என்று போட்டிருந்தார்கள். கடமான் என்றதும் தமிழ் படித்தவர் மனத்தில் என்ன எழும்? ஒலி எழுப்பினால் துள்ளி ஓடும் ஒரு மான். மூஸ் அப்படி ஓடும் என்று நம்பி வண்டியை விடக் கூடாது. நடுச்சாலையில் அப்படியே நின்றுவிடும். கால்கள் நெடியவை என்பதால் கார் மோதினால் கால்களைத்தான் தட்டும்; முழு உடலும் முன்கண்ணாடி மேல் வந்து விழும். இரவில் அதன் கருத்த உடல் தெரியாது. கண்களும் பெரும்பாலும் முகப்பு விளக்கின் ஒளிக்கு மேலே இருந்துவிடுவதால் மின்னாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் 1904இல் நான்கு மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. இரவுப் பயணம் என்றாலே அங்கே முதலில் எச்சரிப்பது மூஸைப் பற்றித்தான். நடந்து போகும்போது எதிர்ப்பட்டாலும் கதை வேறு. காதுகளைப் பின்னுக்கு மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்து, உதட்டை நக்கினால் அது பாயப்போகிறது என்று பொருள். உடனே ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். கன்றோடு நிற்கும் தாய் மூஸை நெருங்கவே கூடாது. இவ்வளவையும் கடமான் என்ற ஒரு சொல் மூடி மறைத்துவிடுகிறது.

தவற்றை ஒப்புக்கொண்ட சிலர் 'பனிக்கடமான்' என்று ஒட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். கரடிக்குப் பனிக்கரடி உண்டென்றால் கடமானுக்குப் பனிக்கடமான் ஏன் கூடாது என்பது அவர்கள் கேள்வி. பனிக்கரடி உண்மையிலேயே கரடி. அதனால் அந்தச் சொல் நிற்கிறது. மூஸ் கடமானே அல்ல என்றான பிறகு, முன்னால் பனியைச் சேர்த்தால் பொய் இன்னும் நீளமாகிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்குப் பனிமான் என்று ஏற்கெனவே ஒரு விலங்குக்குப் பெயர் இருக்கிறது. பனிமானும் பனிக்கடமானும் ஒரே பத்தியில் வந்தால் படிக்கும் சிறுபிள்ளை என்ன செய்யும்?

'மடற்கொம்பு மான்' என்ற ஆக்கம் எனக்குப் பிடிக்கும். பனை மடல், காது மடல் என்று வழங்கும் மடலைக் கொம்புக்கு ஏற்றியது அழகான கண். பார்த்துப் பெயரிட்டால் தமிழ் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு வரிக்குதிரை சான்று; ஒட்டகத்தையும் சிவிங்கியையும் சேர்த்துக் கட்டிய ஒட்டகச்சிவிங்கியும் நிலைத்துவிட்டது. ஆனாலும் இதைப் பொதுப்பெயராக ஏற்கத் தயங்குகிறேன். பெண் மூஸுக்குக் கொம்பே இல்லை. ஆணும் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கொம்பை உதிர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு திரியும். ஐரோப்பாவின் தரிசு மான் எனப்படும் சிறிய வகைக்கும் மடற்கொம்பு உண்டு. கவிதையில் ஆண் மூஸை மடற்கொம்பன் என்று எழுதுங்கள், வரவேற்கிறேன். விலங்கியல் பாடத்தில் வேண்டாம்.

என் முடிவு மூஸ் என்ற பெயரையே வைத்துக்கொள்வது. முதல்முறை எழுதும்போது 'மூஸ் மான்' என்று இனப்பெயரைச் சேர்ப்பது. கங்காருவை அப்படியே ஏற்றோம். அதுவும் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதிய பெயரே. அந்தக் காட்டில் அந்த விலங்கோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வைத்த பெயரைச் சொல்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. ஆங்கிலத்துக்கு அடிமையாகிறோம் என்ற பேச்சு இங்கே பொருந்தவே பொருந்தாது. கிரந்த எழுத்தை ஒதுக்குவோர் 'மூசு' என்று எழுதட்டும். ஒலியமைதிக்கு ஒத்த வடிவம். மூசுதல் என்றால் மொய்த்தல். 'மூசு வண்டறை பொய்கை' என்று அப்பர் பாடியதில் வருவது அந்தச் சொல். பெயருக்கும் வினைக்கும் குழப்பம் வராது. வசந்தகாலத்து மூஸின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஈ மூசும் மூசு என்பது இயல்பாகவே படும். ஆனால் அதையே சொற்பிறப்பு என்று யாரும் எழுதிவிட வேண்டாம், இது தற்செயல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விலங்குப் பெயர் என்றாலே 'ஏதோ மான்', 'ஏதோ மாடு' என்று கடந்து போகிறார்கள். பனிமானைக் கலைமான் என்று எழுதுகிறார்கள். கலை என்பது ஆண் மானின் பெயர், அதைப் பெண் பனிமானுக்கும் சூட்டுகிறார்கள். அமெரிக்கக் காட்டெருதுக்கும் ஆப்பிரிக்க எருமைக்கும் நீலகிரியில் எருமையே அல்லாத காட்டுமாட்டுக்கும் காட்டெருமை என்ற ஒரே சொல். சங்கப் பாடலில் மலையூர் முற்றத்தில் நெல்லிக்கனி தின்னும் மரை வருகிறது. இந்த மண்ணில் கண்டு, இந்த மண்ணில் பெயரிட்ட விலங்கு அது. அந்தப் பெயரைக் கனடா ஏரிக்குள் இறக்கிவிட்டால், நாளை அந்தப் பாடலைப் படிக்கும் மாணவர் குறிஞ்சி நிலத்து முற்றத்தில் மூஸை நிறுத்துவார். மொழிபெயர்க்க உட்காருபவர் இப்போது கையிலுள்ள கைபேசியில் ஒரு படத்தைத் தேடிப் பார்க்க அரை நிமிடம் போதும். மூலநூல் ஐரோப்பியருடையது என்றால் எல்க் மூஸ்தான். அமெரிக்கருடையது என்றால் எல்க் வாபிட்டி. பழைய இலங்கை வேட்டைக் குறிப்பு என்றால் மட்டுமே எல்க் மரை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, வழக்கில் வரும் சின்ன ஐயங்கள். மான்களுக்கு நம்மிடம் உள்ள மரபுச்சொற்களை மூஸுக்கும் தாராளமாக ஆளலாம்: ஆணைக் கலை, பெண்ணைப் பிணை, குட்டியைக் கன்று அல்லது மறி என்று. கன்றோடு நிற்கும் மூஸ்ப்பிணை என்று எழுதினால் புணர்ச்சி கண்ணை உறுத்தும். மூஸ் பிணை என்று பிரித்தே எழுதுங்கள், மூசு என்ற வடிவத்தை எடுத்தவர்கள் மூசுப்பிணை என்று சேர்த்து எழுதலாம். ஆங்கிலத்தில் மூஸுக்குத் தனிப் பன்மை வடிவம் இல்லை என்பதற்காகத் தமிழிலும் 'கள்' சேர்க்கக் கூடாது என்று ஒருவர் எனக்குத் திருத்தம் சொன்னார். அது ஆங்கில இலக்கணம். அஃறிணையில் 'கள்' சேர்ப்பதும் விடுவதும் நம் விருப்பம்: மூன்று மூஸ் நின்றன, மூன்று மூஸ்கள் நின்றன, இரண்டும் சரி.