சிந்த்-பங்க்: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான சிந்தசைசரின் மின்னொலியும் பங்க் ராக்கின் வேகமும் முரட்டுத்தனமும் சேர்ந்த இசைவகை சிந்த்-பங்க். 1970களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஸ்க்ரீமர்ஸ் போன்ற குழுக்கள் கித்தாரே இல்லாமல் இப்படி வாசித்தன. பெயர் சூட்டப்பட்டது பிற்பாடுதான்.

'சிந்த்' என்பதன் வேர் கிரேக்கம். ஒன்றுசேர்த்தல் என்று பொருள். 'பங்க்' ஒரு வசை. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் விலைமகளைக் குறித்தது. அமெரிக்காவுக்குப் போய் உதவாக்கரை, சில்லறை ரவுடி என்றானது. 1970களில் இசைக்காரர்கள் அதையே பெருமையோடு சூடிக்கொண்டார்கள்.

சிந்த், பங்க் என்ற இந்த இரு பாதிகளுக்கும் இடையே நடக்கும் இழுபறியைக் கேட்க, தோக்கியோவின் பாலிசிக்ஸ் குழுவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1997இல் ஹயாஷி ஹிரோயுகி தொடங்கிய குழு இது. கோர்க் நிறுவனம் 1981இல் வெளியிட்ட, ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும் 'பாலிசிக்ஸ்' சிந்தசைசரின் பெயரையே, ஆங்கில எழுத்துகளை மட்டும் மாற்றி, வைத்துக்கொண்டார்கள். ஆரஞ்சுச் சீருடை, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை என்று அமெரிக்காவின் டீவோ குழுவின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அவர்களும் அதை மறைத்ததில்லை. ஹயாஷி கித்தாரோடு துள்ளிக் கத்துவார். சிந்தசைசர் வாசித்த கயோவோ முகத்தில் சலனமே இல்லாமல் இயந்திரம்போல் நிற்பார். பாட்டில் பாதி வேடிக்கை அந்த முரண்தான்.

2010 மார்ச்சில் தோக்கியோவின் புதோக்கான் அரங்கக் கச்சேரியோடு கயோ விலகினார். ஹயாஷி, பேஸ் கித்தார் ஃபூமி, டிரம்ஸ் யானோ ஆகிய மூவரோடு குழு தொடர்ந்தது. 2011இல் வந்த ஆல்பத்தின் தலைப்பிலேயே 'ஹெவி' (கனமான) என்ற சொல் ஏறிக்கொண்டது. 2017இல் கித்தாரும் சிந்தசைசரும் வாசிக்கும் நகாமுரா ரியோ வந்து சேர, மறுபடி நால்வரானார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? சிந்தசைசருக்கு 'இசைத்தொகுப்பி' என்றால் குழப்பம் வரும். 'இசைத்தொகுப்பு' ஏற்கெனவே ஆல்பத்தைக் குறிக்கிறது. 'ஒலித்தொகுப்பி' தெளிவு. 'பங்க்' என்பதற்குப் 'போக்கிரி இசை' எனலாம். வசையின் காரம் ஓரளவு தங்கும். ஆனால் உலகெங்கும் 'பங்க்' என்றே அறியப்படும் பெயரை மொழிபெயர்ப்பது வீண்வேலை. ஆகவே என் பரிந்துரை: ஒலித்தொகுப்பிப் பங்க். பேச்சில் சிந்த்-பங்க் என்றே சொல்லிக்கொள்ளலாம்.