பல்லைக் காட்டினால் சிரிப்பு இல்லை

பல்லைக் காட்டி உறுமும் நாயின் படம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. தடுப்பூசிக்கு நாயைக் கூட்டி வருகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் மூன்று, நாலு வயதுக் குழந்தைகளிடம் அதைக் காட்டி, 'இது என்ன பண்ணுது?' என்று கேட்பேன். 'சிரிக்குது' என்று பல குழந்தைகள் சொல்லும். பெற்றோர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

குழந்தை மேல் தப்பில்லை, படப் புத்தகத்து நாய்கள் அப்படித்தானே. 1985இல் வந்த 'குட் டாக், கார்ல்' எனக்கே ரொம்பப் பிடிக்கும், வார்த்தையே அதிகம் இல்லாமல் படத்திலேயே கதை ஓடும். ஆனால் கைக்குழந்தையை ராட்வைலர் என்ற பெரிய இன நாயிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா வெளியே கிளம்பும்போதே கால்நடை மருத்துவரான எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் குழந்தை அதன் முதுகில் ஏறிச் சவாரி வேறு போகிறது! அதற்காகப் புத்தகத்தைப் பரணில் போட வேண்டாம். 'இது கதை, நம்ம நாய்க்கு முதுகு வலிக்கும்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

நான் அதிகம் வாங்கச் சொல்வது 1956இல் வந்த 'ஹாரி தி டர்ட்டி டாக்'. கறுப்புப் புள்ளி போட்ட வெள்ளை நாய், குளியல் என்றாலே ஆகாது, தேய்க்கிற பிரஷ்ஷைக் கொல்லையில் புதைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடும். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: ஏன் புதைச்சுது? பிடிக்கலை. சரி, நம்ம நாய் 'பிடிக்கலை'ன்னு எப்படிச் சொல்லும்? தலையைத் திருப்பிக்கொள்ளும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், எதிரே தீனி இல்லாதபோதும் உதட்டை நக்கும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும், உடம்பு விறைத்துப்போகும். வால் ஆடுகிறதே என்பீர்கள், விறைத்து நிற்கிற வாலும் ஆடும். இவ்வளவையும் யாரும் கண்டுகொள்ளாதபோதுதான் பெரும்பாலும் உறுமல் வரும். அதற்கு அடி போட்டால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கலாம். குட்டிக் குழந்தையின் முகமும் நாயின் வாயும் கிட்டத்தட்ட ஒரே உயரம், கடிப்பதும் பல நேரம் பழகிய நாய்தான்.

கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

ஹாரியை வாங்கிப்போன வீட்டுக் குழந்தை ஒன்று அடுத்த தடுப்பூசிக்கு வந்திருந்தது. மேசையில் நின்ற நாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியதும், தடவ நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு சொன்னது: 'அம்மா, பிரஷ்ஷைப் புதைக்குது!'