சோற்றின் மேல் என்ன கோபம்?

எடை குறைக்க உணவு ஆலோசனை கேட்டு இந்த வாரமும் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். நான்கு மாதம் சோற்றைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையாம். எடை இறங்கியது, முடியும் கொட்டியது. தங்கை கல்யாணத்தில் ஒரு கிண்ணம் பாயசம் குடித்ததும், "எப்படியும் கெட்டுவிட்டது, இனித் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. குறைத்ததைவிடக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு வந்து, "எனக்கு மன உறுதி போதவில்லை மேடம்" என்கிறார். நான்கு மாதம் வாயைக் கட்டியவருக்கா மன உறுதி இல்லை? ஒரு கல்யாணப் பந்தியைத் தாங்காத உணவுத் திட்டத்தில்தான் கோளாறு.

அரிசியை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. கோதுமை மாவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் சற்றுக் கூடுதல், மறுக்கவில்லை. அதற்காக இரவில் நான்கு சப்பாத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா என்று சாப்பிட்டுவிட்டு, "சோற்றை நிறுத்தியும் குறையவில்லையே" என்றால் நான் என்ன சொல்ல? ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி. நான்கு சப்பாத்திக்கு 160. அந்த எண்ணெய் மட்டுமே 120 கிராம் வடித்த சோற்றுக்குச் சமம். ஆனால் உணவுக் குறிப்பேட்டில் "தோசை 2" என்று இருக்குமே தவிர, சுற்றி ஊற்றிய எண்ணெய் ஒருநாளும் இருக்காது.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததே என்பீர்கள். பெரும்பாலும் அது தண்ணீர். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும். வாரம் அரை கிலோ குறைந்தால் போதும்.

நான் சொல்லும் முறையில் பரபரப்பு எதுவும் இல்லை. அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. நம் வீடுகளில் சோறு தட்டை நிறைத்திருக்கும், காய் ஊறுகாய் அளவுக்கு ஓரத்தில் கிடக்கும். அதை மாற்றுங்கள். விருந்துக்குப் போனால் சாப்பிடுங்கள். பாயசம் ஒரு முறை குடியுங்கள். இரண்டாம் முறை வாளியோடு வருபவரிடம் கையைக் காட்டுங்கள். மறுநாள் பட்டினி வேண்டாம், வழக்கமான சாப்பாடு போதும். தீபாவளி முறுக்கையும் தட்டில் எடுத்துவைத்துத் தின்னுங்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்காராதீர்கள்.

ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் கேட்காமல் சோற்றை வெட்டாதீர்கள். மருந்தின் அளவு மாறாமல் மாவுச்சத்து மட்டும் திடீரென நின்றால், சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகவும் வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த விஷப்பரீட்சைக்கே போக வேண்டாம்.

அடுத்த முறை என்னிடம் வரும்போது எதையெல்லாம் விட்டீர்கள் என்ற பட்டியல் எனக்கு வேண்டாம். வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.