ஹாஷ் என்பது ஸ்ட்ரிங் இல்லை, தயவுசெய்து

ரிவியூவுக்கு வந்த ஒரு சி கோடில், ஷா-256 ஹாஷ் (டேட்டாவுக்குக் கைரேகை மாதிரி, எப்போதும் ஒரே நீளம்) இரண்டை ஸ்டர்கம்ப் (பூஜ்ய பைட்டில் முடியும் ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் சி ஃபங்ஷன்) போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. எழுதிய தம்பியைக் கேட்டால், "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதேண்ணா" என்கிறார். ஆகும்தான். சாதாரண டெஸ்டில் வெவ்வேறு ஹாஷ்கள் முதல் பைட்டிலேயே வேறுபட்டுவிடும், தப்பு வெளியே தெரியாது. உடைக்க வருபவர் அப்படிச் சாதாரண டேட்டா கொடுக்கமாட்டார்.

டெர்மினலில் 64 எழுத்தாகப் பார்த்துப் பழகியதால் ஹாஷ் என்றாலே அந்த 64 எழுத்துதான் என்று பதிந்துவிடுகிறது. அது நாம் படிப்பதற்காக ஹெக்ஸில் எழுதிக் காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கிரிப்டோ லைப்ரரி உங்கள் பஃபரில் போடுவது 32 பைட், வெறும் பைட். எந்த இடத்திலும் 0 முதல் 255 வரை எதுவும் வரலாம், பூஜ்யமும் வரலாம். 32 பைட்டில் எங்காவது ஒரு பூஜ்யம் இருக்க சுமார் 12 சதவீத வாய்ப்பு, ஸ்டர்கம்ப் அங்கேயே நின்றுவிடும். பூஜ்யமே இல்லாமல் இரண்டு ஹாஷும் ஒன்றாக இருந்தால், முடிவு தெரியாமல் பஃபரைத் தாண்டிப் படித்துக்கொண்டே போகும், ஏனென்றால் கடைசியில் ஒரு பூஜ்யத்தை உங்களுக்காக யாரும் சேர்த்துத் தருவதில்லை.

நின்டெண்டோ வீ கேம் கன்சோல் இதே தப்பில்தான் மாட்டியது. கையெழுத்துச் சரிபார்ப்பில் 20 பைட் ஷா-1 ஹாஷை ஸ்டர்என்கம்ப் (நீள வரம்பு வைத்த ஸ்டர்கம்ப்) போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். நீளம் கொடுத்ததால் பஃபர் தாண்டவில்லை, சரி. ஆனால் கையெழுத்து முழுக்கப் பூஜ்யம் என்றால், அதிலிருந்து ஹாஷை எடுக்கும் ஆர்எஸ்ஏ கணக்கில் வருவதும் பூஜ்யமே. அப்புறம் ஹாஷின் முதல் பைட் பூஜ்யமாகும்வரை பயன்படாத ஒரு இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும், சராசரியாக 256 முயற்சி. இரண்டு பக்கமும் முதல் பைட் பூஜ்யம் என்பதால் ஸ்டர்என்கம்ப் அங்கேயே நின்று சமம் என்றது, போலிக் கையெழுத்து செல்லுபடியாகிவிட்டது.

பூஜ்யத்தில் நிற்காமல் பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் போடுங்கள், நீளத்தை நீங்களே கொடுங்கள். ஸ்டர்லென் வேண்டாம், அதுவும் பூஜ்யம் வரைதான் எண்ணும். ஃபங்ஷனுக்கு அனுப்பிய அரேயில் சைஸ்ஆஃப் போடவும் வேண்டாம். 64-பிட் கணினியில் அது பாயின்டரின் அளவான 8-ஐத் தரும், முதல் 8 பைட்டை மட்டும் பார்த்துவிட்டு ஹாஷ் பொருந்துகிறது என்பீர்கள். இதுவும் நான் பார்த்ததுதான். ரகசியச் சாவி கலந்த ஹெச்மேக் என்றால் மெம்கம்ப்பும் போதாது, அது எடுக்கும் நேரத்தை வைத்து எதுவரை பொருந்தியது என்று ஊகிக்கலாம்; முதல் வித்தியாசத்தில் நிற்காத கிரிப்டோ_மெம்கம்ப் வேண்டும். சமம் என்றால் அது 0 தரும், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஈவிபி ஃபங்ஷன்களோ (ஹாஷ் போடவும் பயன்படுபவை) வெற்றி என்றால் 1 தரும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாஸ்வேர்டை ஷா-256-இல் போட்டு வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது வேகமாக ஓடுவதற்குச் செய்தது, திருடுபவருக்கும் அதே வேகம் கிடைக்கும். லிப்சோடியம் என்ற லைப்ரரியில் பாஸ்வேர்டுக்கென்றே, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஆர்கான்2 இருக்கிறது. அதன் பிடபிள்யூஹாஷ்_ஸ்டர் தருவது நிஜமாகவே பூஜ்யத்தில் முடியும் ஸ்ட்ரிங்தான். அதையும் ஸ்டர்கம்ப் போட்டு ஒப்பிடாதீர்கள்! ஒவ்வொரு தடவையும் சால்ட் (பாஸ்வேர்டோடு சேர்க்கும் ரேண்டம் பைட்டுகள்) மாறும், சரியான பாஸ்வேர்டுக்கே பொருந்தாது. வெரிஃபை ஃபங்ஷன் பக்கத்திலேயே இருக்கிறது.