மூன்று வரிசை முன்னால் ஒரு ஃபோன்

போன மாதம் ஒரு இரவுக் காட்சிக்குப் போயிருந்தேன். படத்தில் வசனமே இல்லாத இடம், லாந்தர் வெளிச்சத்தில் ஒரு அம்மா மகனின் சட்டையை மடித்துக்கொண்டிருக்கிறார், தியேட்டரே மூச்சுவிடாமல் பார்க்கிறது. மூன்று வரிசை முன்னால் ஒருவர் வாட்ஸ்அப்பைத் திறந்தார். அவ்வளவுதான், என் கண் திரையை விட்டுவிட்டது.

இதைச் சொன்னால் "நீ படத்தைப் பார்க்க வேண்டியதுதானே" என்பார்கள். முடியாது, கண்ணின் அமைப்பு அப்படி. தியேட்டர் திரையில் முழு வெள்ளைக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு 48 நிட் (ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கான அலகு அது). இருட்டான காட்சி என்றால் திரையின் பெரும்பகுதியில் ஒரு நிட்கூடத் தேறாது. வெளிச்சத்தைக் கூட்டி வைத்த ஃபோனோ சர்வசாதாரணமாக 500 நிட்டைத் தொடும்.

மங்கலில் நமக்கு உதவுபவை விழித்திரையின் குச்சி செல்கள். இருட்டுக்குள் வந்தபின் அவை முழு வீரியத்துக்கு வர 20, 30 நிமிடம் பிடிக்கும். பார்வையின் நடு மையத்தில் அவை கிடையாது, சற்றுத் தள்ளித்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் ஓரத்தில் திடீரென்று எதுவும் பளிச்சிட்டால், நாம் யோசிப்பதற்குள் கண் அங்கே திரும்பிவிடுகிறது. திரும்பாமல் அடக்கிக்கொண்டாலும் அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, படத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் திரை போட்டதுபோல் கறுப்பை வெளுக்கவைக்கும்.

காதுக்கு வருவோம். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதைவிட ஒருவர் ஃபோனில் பேசுவது ஏன் அதிகமாகக் குடைகிறது? 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் குழு இதைச் சோதித்தது. கவனம் தேவைப்படும் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் காதில் ஃபோன் உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் விழுந்தபோது தடுமாற்றம் கூடியது, இரண்டு பக்கமும் கேட்டபோது அப்படி ஆகவில்லை. சொற்கள் புரியாதபடி ஒலியை மழுக்கியதும் அந்தத் தொல்லை போய்விட்டது. அடுத்து என்ன வரும் என்று மூளை சதா ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம், "ம்... இல்ல இல்ல, அவன்கிட்ட சொல்லாத" என்று பாதிப் பேச்சு காதில் விழுந்தால் மீதியை நிரப்பாமல் அதற்கு இருப்புக்கொள்ளாது.

முதல் நாள் முதல் காட்சி விசில் இதற்குள் சேராது என்பேன். நாயகன் நுழையும்போது எழும் சத்தத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறோம், எல்லோர் கவனமும் திரையில்தான் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவும் பிடிக்கும்.

சரி, இத்தனை பேருக்கும் எரிச்சல் வந்தும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? 1968இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் மெல்லப் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கூடவே, கண்டுகொள்ளாததுபோல் நடிக்க இரண்டு பேரை உட்காரவைத்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து, இது பெரிய விஷயமில்லை போல என்று நாமும் இருந்துவிடுகிறோம். தியேட்டரில் பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது, எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், அதனால் அங்கே இது இன்னும் மோசம்.

ஆகவே யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும், எரிச்சல் முற்றிக் குரல் உயர்வதற்கு முன்பே. ஆளைக் குறை சொல்லாமல் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொன்னால் பெரும்பாலும் சண்டை வராது என்பது என் அனுபவம். உச்சுக்கொட்டுவதில் பயனில்லை, யாருக்காகக் கொட்டினோம் என்றே அவருக்குத் தெரியாது. குடித்துவிட்டுச் சலம்புபவர் என்றால் நாமே போகாமல் தியேட்டர் ஊழியரைக் கூப்பிடுவதுதான் சரி.

அன்றைக்கு நான் குனிந்து போய், "அண்ணா, ஃபோன் வெளிச்சம் பின்னாடி வரைக்கும் அடிக்குது, கொஞ்சம் கீழ வெச்சுக்கிறீங்களா?" என்றேன். உடனே கவிழ்த்துத் தொடைமேல் வைத்துவிட்டார். இடைவேளையில் அவரே வந்து, "நிஜமாவே அவ்வளவு தூரம் தெரியுதா தம்பி?" என்று கேட்டார். ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்த அவர் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட்டிருக்கும், அவருக்கு அது உறுத்த வாய்ப்பே இல்லை. படம் மறுபடி தொடங்க விளக்கு அணைந்ததும் அவரை என் சீட்டில் உட்காரவைத்து, நான் போய் அவர் சீட்டில் இருந்து என் ஃபோனை ஒரு நொடி திறந்து மூடினேன். பின்னாலிருந்து "அடேயப்பா" என்று குரல் வந்தது.